லஸ்கர் மருதையனின் கடைசி ஷட்டர்

என்னுடைய மூன்று மா நிலமும் இன்னும் பத்துக் குடும்பத்து நிலமும் ஒரு காலத்தில் என் அக்கா புருஷனின் மூத்திரப்பையை நம்பி இருந்தன. இப்படி நான் சொல்வது காதில் விழுந்தால் அக்கா ராசம்மாள் விளக்குமாற்றைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஆனால் மச்சானே கோர்ட்டுக் கூண்டில் ஏறி ஊருக்கெல்லாம் சொல்லிவிட்ட பிறகு நான் மட்டும் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

மச்சான் பெயர் மருதையன். பொதுப்பணித் துறையில் முப்பத்து நாலு வருஷம் லஸ்கராக இருந்தவர். லஸ்கர் என்றால் ஆற்றில் ஷட்டரை ஏற்றி இறக்குகிற ஆள். குடமுருட்டியில் எங்கள் வாய்க்கால் பிரிகிற இடத்தில் நாலு ஷட்டர் உண்டு. மேலே இருந்து ஆர்டர் வந்தால் திறப்பார். மறுபடி ஆர்டர் வந்தால் மூடுவார். மூடியதும் பூட்டைப் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொள்வார். குறுவை கருகுகிற நேரத்தில் கடைமடைக்காரன் அரிவாளோடு வந்து நின்றிருக்கிறான். மந்திரி பேரைச் சொல்லிக்கொண்டு கட்சிக்காரன் வந்திருக்கிறான். "ஆர்டர் கொண்டாங்க" என்பதைத் தவிர மச்சான் வாயிலிருந்து வேறு வார்த்தை வந்ததில்லை.

ஒரு வருஷம் என் நாற்றங்கால் காய்ந்தபோது நானே மேல மடையை வெட்டித் தண்ணீர் எடுத்தேன். மறுநாள் போலீஸ் வந்தது. எழுதிக் கொடுத்தது யார் என்று பார்த்தால் மச்சான். அன்றைக்கு வந்த கோபத்தில் மூன்று வருஷம் அக்கா வீட்டுப் படி மிதிக்கவில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குச் சொந்த ஷட்டர் நிற்காமல் போய்விட்டது. ஓய்வு பெற்று ஆறாவது வருஷம், ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் என்று தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்தார்கள். நோய் போனது. கூடவே கட்டுப்பாடும் போனது. இருமினால் ஒழுகும். எழுந்தால் ஒழுகும். கொஞ்ச நேரம் சேர்ந்தாற்போல் நின்றால் கேட்கவே வேண்டாம். அடக்குகிற தசைக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு வருஷத்துக்கு மேல் ஒழுங்காகச் செய்தார், ஒன்றும் பிரயோஜனமில்லை. அப்புறம் அக்காவின் பழைய புடவையைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வீட்டோடு இருந்துவிட்டார். டீக்கடைக்கு வருவதில்லை, கல்யாணம் காதுகுத்துக்கு வருவதில்லை. பென்ஷன் வந்ததும் லஸ்கருக்குத் திமிர் ஏறிவிட்டது என்று ஊரில் பேசினார்கள். விஷயம் தெரியாமல் நானும் சேர்ந்து பேசினேன்.

இப்போது நிலத்துக்கு வருகிறேன். பாபநாசத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். மிராசுதார் கல்யாணராமன் வீட்டு நிலத்தைப் பதினோரு குடும்பம் எங்கள் அப்பன் காலத்திலிருந்து குத்தகைக்குச் செய்கிறோம். கல்யாணராமன் சென்னையில் காலேஜ் வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர். சம்பா எது குறுவை எது என்று அவருக்குத் தெரியாது. குத்தகையைத் தாலுகா ஆபீசில் பதிவு செய்துகொள்ளுங்கள் என்று சங்கத்துக்காரர்கள் அந்தக் காலத்திலேயே தலையில் அடித்துக்கொண்டார்கள். ஐயர் நல்லவர்தானே, எதற்கு வீண் மனஸ்தாபம் என்று எங்கள் அப்பன்மார் இருந்துவிட்டார்கள். ஐயர் நல்லவர்தான், நிலத்தை விற்கிற வரைக்கும்.

வாங்கியவர் எங்கள் கட்சியில் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர். ஊரில் அவருக்குப் பெயரே 'ஒன்றியம்'தான். மனை போட்டு விற்கப் போகிறார். இந்த நிலம் தரிசாகக் கிடந்தது, இவர்கள் கூலிக்கு வந்து போனவர்கள், குத்தகையாவது ஒன்றாவது என்று தஞ்சாவூர் வருவாய் நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். எங்கள் கட்சி என்று சொன்னேன் அல்லவா, நான் முப்பது வருஷமாகக் கட்சிக்கரை போட்ட துண்டைத் தோளிலிருந்து இறக்காதவன். கட்சி வேறு, ஒன்றியம் வேறு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு கோர்ட்டுக்கும் அதே துண்டோடுதான் போனேன்.

எங்கள் வக்கீல் நஃபீசா ராஜகிரிப் பெண். முப்பத்தைந்து வயதுதான் இருக்கும், பேச்சில் மிளகாய். காகிதம் ஒன்றும் இல்லையே என்று நாங்கள் கையைப் பிசைந்தபோது அவள்தான் மச்சானைக் கண்டுபிடித்தாள்.

"எந்தப் போகத்துல எந்த வயலுக்கு யாரு தண்ணி வச்சாங்கன்னு முப்பத்து நாலு வருஷமா பார்த்த கவர்ன்மென்ட் ஆளு ஒருத்தர் இருக்காருல்ல? லஸ்கர் வந்து சொன்னா போதும்ணே. அவரு யாருக்கும் வளைஞ்சு கொடுத்ததில்லைன்னு எதிராளிக்கே தெரியும். உங்க மேலயே கேஸ் எழுதினவராச்சே!"

முதல் விசாரணை ஆடி மாசம். மேட்டூர் திறக்காத வருஷம் அது, குறுவையே இல்லை. சும்மா கிடந்த பதினோரு குடும்பமும் கோர்ட்டு வாசல் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் மட்டும் உள்ளே. நஃபீசா கேட்டதற்கெல்லாம் மச்சான் கணீரென்று பதில் சொன்னார். எந்த வயல் யாருடையது, யார் யாரோடு வாய்க்காலில் கட்டிப் புரண்டார்கள், எல்லாம் சொன்னார். அப்புறம் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை ஆரம்பித்தார். முக்கால் மணி நேரம் போயிருக்கும். மச்சான் ஒரு காலை இன்னொரு காலோடு சேர்த்து நெருக்குவதைப் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம் வெளிய போயிட்டு வந்துடுறேங்க."

"இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிட்டுப் போங்க" என்றார் வக்கீல். பதில் சொன்னார். உடனே அடுத்த கேள்வி வந்தது. அதற்கும் சொன்னார். மூன்றாவது கேள்வி பாதியில் இருக்கும்போது மச்சான் கூண்டை விட்டு இறங்கி, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் விறுவிறுவென்று வெளியே நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றவர் என் தோளிலிருந்த துண்டை வெடுக்கென்று உருவி இடுப்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டார். வெள்ளை வேட்டி முன்பக்கம் முழங்கால் வரை நனைந்திருந்தது. எனக்கு அப்போதுதான் விஷயமே தெரியும்.

வேப்பமரத்தடியில் இருந்தவர்களுக்கு வேட்டி தெரியவில்லை, துண்டு தெரிந்தது. ஆயுசில் ஒரு கட்சிக் கொடியைக் கையால் தொடாத லஸ்கர், ஒன்றியத்தின் கட்சிக்கரையை இடுப்பில் கட்டிக்கொண்டு, எங்கள் யார் முகத்தையும் பாராமல் ஆட்டோவில் ஏறிப் போனார். இதற்கு மேல் என்ன வேண்டும்? சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேச்சு.

"வெலைக்குப் போயிட்டான்யா! துண்டையே வாங்கிக் கட்டிக்கிட்டுல்ல போறான்!" என்று டீக்கடையில் சத்தம் போட்டவன் கோவிந்தராசு. பதினோரு பேரில் அவனுக்குத்தான் நிலம் அதிகம், வாயும் அதிகம். முன்னெல்லாம் சலவை வேட்டி இல்லாமல் வெளியே வராதவன். இந்த ஒரு வருஷமாகக் கறுப்புக் கைலிதான் கட்டுகிறான், கூட்டம் எங்கே நடந்தாலும் வாசல் ஓரமாகத்தான் உட்காருகிறான். கேட்டால் காற்று வரவில்லை என்பான்.

நஃபீசா என்னைப் பிடித்துக்கொண்டாள். "குறுக்கு விசாரணை முடியலைன்னா அவரு சொன்ன மொத்தச் சாட்சியும் செல்லாமப் போயிடும்ணே. கெஞ்சிக் கூத்தாடி தை மாசத்துக்கு வாய்தா வாங்கியிருக்கேன். அன்னைக்கு அவரு கூண்டுல நின்னே ஆகணும். இல்லேன்னா நிலத்தை மறந்துடுங்க. அவருக்கு என்னதான் ஆச்சு?"

உடம்பு சரியில்லை என்று மட்டும் சொன்னேன். மச்சான் அதற்கு மேல் சொல்ல விடவில்லை. அன்று அவர் வீட்டுக்குப் போய் நான் மன்றாடினேன்.

"என் துண்டாலதான் மச்சான் இவ்வளவும். நான் போயி விஷயத்தைச் சொல்லிடுறேன். கோவிந்தராசு வாயை அடைக்கணும்."

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "வித்துட்டான்னே இருக்கட்டும் மாப்ள. ஒழுகிட்டான்னு வேணாம்."

முப்பத்து நாலு வருஷம் அரிவாளுக்கும் மந்திரிக்கும் அசையாதவர் சம்பாதித்த பெயர் அது ஒன்றுதான். அதையே தூக்கிப் போடத் தயாராக இருந்தார். மறுநாள் காலையில் ஆட்டோவை வரவழைத்து, "ஏறுங்க" என்றேன். அக்கா பின்னால் நின்று "இவங்களா ஏறலைன்னா தூக்கிப் போடுடா" என்றாள். ஏறிவிட்டார்.

தஞ்சாவூரில் அந்த டாக்டர் பெயர் எழில்வேந்தன். பேராவூரணிக்காரர். அப்பா மேடைப்பேச்சு கேட்டு வளர்ந்தவர் என்பது பிள்ளைக்கு வைத்த பெயரிலேயே தெரியும். குழாய் விட்டுப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார், எவ்வளவு ஒழுகுகிறது என்று நனைந்த துணியை எடை போட்டும் பார்த்தார். பிறகு மேஜை மேல் ஒரு மாதிரிப் பொருளை எடுத்து வைத்தார்.

"ஐயா, இது உள்ளயே வைக்கிற கருவி. சிறுநீர்க் குழாயைச் சுத்தி இந்தப் பட்டை இருக்கும். உள்ள உப்புத் தண்ணி. அது குழாயை நெருக்கிப் பிடிச்சுக்கும், ஒழுகாது. போகணும்னு தோணுறப்ப இந்தப் பம்பை ரெண்டு மூணு தடவை அழுத்தணும். பட்டையில இருக்கிற தண்ணி வயித்துக்குள்ள இருக்கிற இந்தப் பலூனுக்குப் போயிடும், குழாய் திறக்கும். நீங்க போயி முடிச்சதும், ரெண்டு மூணு நிமிஷத்துல தண்ணி தானா பட்டைக்குத் திரும்பி வந்து மூடிக்கும்."

மச்சான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் பட்டையை விரலால் தடவினார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் முகத்தில் வெளிச்சத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"ஷட்டரு!" என்றார். "பம்பு எங்கங்க இருக்கும்?"

"விதைப்பையில. வெளியே ஒண்ணும் தெரியாது."

"அங்கேயா!" என்று நான் எழுந்தேவிட்டேன். மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்து முறைத்தார்.

"திறக்குறதுக்கு ஆர்டரு?"

"நீங்கதான் ஆர்டர், நீங்கதான் லஸ்கர்" என்று டாக்டர் சிரித்தார். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னார். கிருமி தாக்கினால் எடுத்துவிட வேண்டியிருக்கும். பத்து வருஷத்துக்கு அப்புறம் தேய்ந்து போனால் மாற்ற வேண்டி வரலாம். ஒரு சொட்டுகூட வராது என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் துணி கட்டிக்கொண்டு வீட்டில் ஒளிந்திருக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய சாமான் என்பதால் விலையைக் கேட்டு அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். சிங்கப்பூரில் இருக்கிற அக்கா பையன் அதைப் பார்த்துக்கொண்டான்.

ஆவணியில் ஆபரேஷன் ஆனது. புண் ஆறுகிற வரைக்கும் ஆறு வாரம் கருவியைத் திறந்தபடியே பூட்டி வைத்திருப்போம், அதுவரை ஒழுகத்தான் செய்யும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். மச்சான் கேட்டுக்கொண்டார், மனசு கேட்கவில்லை. ஷட்டரை மாட்டிவிட்டுத் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவரால் முடியுமா? ஆறு வாரமும் அக்காவைப் படுத்தி எடுத்தார். கடைசியில் ஐப்பசியில் போனோம். டாக்டர் அந்தப் பம்பை ஓர் அழுத்து அழுத்தி வேலைக்குக் கொண்டுவந்தார். மச்சானையே நாலு தடவை செய்து காட்டச் சொன்னார்.

"பம்புக்குப் பக்கவாட்டுல சின்னதா ஒரு பொத்தான் தட்டுப்படும். அது எங்களுக்கு. நீங்க தொடக்கூடாது" என்று சொல்லி, உள்ளே கருவி இருக்கிறது என்று எழுதிய அட்டை ஒன்றையும் கொடுத்தார். வேறு ஆஸ்பத்திரியில் யாராவது குழாய் விட வந்தால் முதலில் அதைக் காட்ட வேண்டுமாம்.

அடுத்த நாளே மச்சான் என்னை இழுத்துக்கொண்டு கும்பகோணம் டவுன் பஸ்ஸில் ஏறினார். மழை தொடங்கியிருந்தது, சாலை முழுக்கப் பள்ளம், பஸ் தூக்கித் தூக்கிப் போட்டது. எனக்கு முதுகு விட்டுப்போனது. மச்சான் மட்டும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குனிந்து வேட்டியைப் பார்ப்பார், நிமிர்ந்து சிரிப்பார். கும்பகோணத்தில் இரண்டு காபி குடித்தார். திரும்பி வருகிற வரைக்கும் வேட்டி காய்ந்தபடியே இருந்தது. பாபநாசத்தில் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மனுஷனாயிட்டேன் மாப்ள" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பஸ் புகை என்று சொல்லி மூடி மறைத்தேன்.

இதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்க வேண்டியது. தை விசாரணைக்கு நாலு நாள் இருக்கும்போது அக்கா வீட்டுக்குப் போனேன். கொடியில் ஐந்து வேட்டி காய்ந்தது. வீட்டில் வேட்டி கட்டுகிற ஆள் ஒருத்தர்தான்.

"எத்தனை நாளா?" என்று கேட்டேன்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார். "கார்த்திகையிலிருந்து. மெஷின் கெட்டுப்போச்சு மாப்ள. போகப் போக மோசமாகுது. நஃபீசாகிட்ட சொல்லிடு, நான் வரலை."

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இரண்டு மாசம் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார், நாலு நாளில் என் நிலம் போகப் போகிறது. கத்திவிட்டு, அவரையும் இழுத்துக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறினேன். வழியெல்லாம் நான் ஒரு பக்கம் பார்த்தேன், அவர் ஒரு பக்கம் பார்த்தார்.

டாக்டர் எழில்வேந்தன் படம் எடுத்துப் பார்த்தார். கருவியில் கசிவு இல்லை, பலூன் சரியாக இருக்கிறது, பட்டை சரியாக இருக்கிறது. நெற்றியைச் சொறிந்தார்.

"ஐயா, நீங்க எப்படி இதை இயக்குறீங்கன்னு செஞ்சு காட்டுங்க. நான் பார்க்கணும்."

மூன்று பேரும் கழிப்பறைக்குள் போனோம். மச்சான் பம்பை மூன்று தடவை அழுத்தினார். சிறுநீர் போனது. முடித்தார். பிறகு கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் பக்கவாட்டில் கொண்டுபோய், எதையோ தேடிப் பிடித்து நறுக்கென்று ஒரு கிள்ளு கிள்ளினார். அப்புறம் லேசாக இழுத்தும் பார்த்துவிட்டு வேட்டியை இறக்கினார்.

"கடைசியில என்ன செஞ்சீங்க?" என்றார் டாக்டர்.

"பூட்டினேங்க."

"எதைப் பூட்டினீங்க?"

"ஷட்டரைத்தான். பக்கத்துல சின்னதா ஒரு பூட்டு இருக்குங்களே. மொத ஒரு வாரம் எனக்குக் கைக்கு அகப்படலை. அப்புறந்தான் கண்டுபிடிச்சேன். அதுலேருந்து பூட்டாம வர்றதில்லை."

டாக்டர் சுவரில் சாய்ந்துகொண்டார். "தொடக்கூடாதுன்னு சொன்னேனே ஐயா!"

"சொன்னீங்க. எங்க ஆத்து ரெகுலேட்டர்லகூட 'தொடக்கூடாது'ன்னு போர்டு இருக்கு. அது வெளியாளுக்கு. லஸ்கருக்கு இல்லீங்களே?"

நான் சிரிப்பை அடக்க முடியாமல் கழிப்பறைக் கதவைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். பம்பை அழுத்தியதும் பட்டை திறந்துகொள்கிறது. அது திரும்ப மூடுவதற்கு இரண்டு மூன்று நிமிஷம் வேண்டும். அந்தப் பொத்தான் தண்ணீர் திரும்புகிற பாதையை அடைக்கிற பொத்தான். மூடுவதற்கு முன்னாலேயே அதை அழுத்தினால் ஷட்டர் திறந்தபடியே நின்றுவிடும். அடுத்த தடவை பம்பை அழுத்துகிறபோது அடைப்பு விடும், மறுபடி மச்சான் பூட்டுவார். இரண்டு மாசமாக மனுஷன் ஒவ்வொரு தடவையும் ஷட்டரைத் திறந்து வைத்து, திறந்தபடியே ஒழுங்காகப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

மச்சான் மெதுவாகக் கேட்டார். "அப்ப பூட்டாமயே விட்டுட்டுப் போகணுமா? நான் பார்க்காதப்ப யாராவது..."

"உங்க ஷட்டரை யாருங்க ஐயா வந்து திறக்கப் போறாங்க?" என்றார் டாக்டர்.

டாக்டர் பம்பை அழுத்திச் சரிசெய்துவிட்டு, மூன்று நாள் கழித்து மறுபடி வரச் சொன்னார். மூன்று நாளும் அக்கா கழிப்பறை வாசலில் காவல் நின்றாள். "கையை எடுத்துட்டீங்களா?" என்று வெளியிலிருந்து குரல் கொடுப்பாள். "எடுத்துட்டேன்டி" என்று உள்ளிருந்து பதில் வரும். கொடியில் வேட்டி ஒன்றுதான் காய்ந்தது. மூன்றாம் நாள் பார்த்துவிட்டு டாக்டரும் சரி என்றார்.

விசாரணை நாளில் வேப்பமரத்தடியில் பதினோரு குடும்பமும் இருந்தது. மச்சானைப் பார்த்து யாரும் எழுந்திருக்கவில்லை. கோவிந்தராசு காறித் துப்பினான். நஃபீசா அவர்களையெல்லாம் உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். கோவிந்தராசு வழக்கம்போல வாசல் ஓரமாக உட்கார்ந்தான்.

எதிர்த்தரப்பு வக்கீல் பதினோரு மணிக்கு ஆரம்பித்தார். போன தடவை எதனாலோ மச்சான் ஓடினார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது, எதனால் என்று தெரியவில்லை. நேரத்தை இழுத்தால் மறுபடி ஓடுவார் என்று கணக்குப் போட்டார் போலிருக்கிறது. கேட்டதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"அந்த நிலம் தரிசா கெடந்துச்சுன்னு நான் சொல்றேன்."

"இல்லீங்க. தொண்ணூத்தஞ்சுல இதே காத்தான் மேல மடையை வெட்டித் தண்ணி எடுத்தான். நான்தான் ரிப்போர்ட் எழுதினேன், ஆபீசுல இருக்கும். தரிசுக்கு எவனாவது தண்ணி திருடுவானுங்களா?"

வழக்கை விசாரிக்கிற அதிகாரியே சிரித்துவிட்டார். என்னைத் திருடன் என்று கோர்ட்டில் சொன்னதற்கு நான் சந்தோஷப்பட்டது அந்த ஒரு தடவைதான்.

"காத்தான் உங்க மனைவியோட தம்பிதானே?"

"ஆமாங்க. அதனாலதான் மொத ரிப்போர்ட்டு அவன் மேல எழுதினேன்."

பன்னிரண்டரை ஆனது. அதிகாரி, "உட்காருங்க பெரியவரே" என்றார். மச்சான் வேண்டாம் என்றார். டவாலிச் சேவகன் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், மச்சான் தம்ளரைக் கவிழ்த்து முழுசாகக் குடித்தார். வக்கீல் ஒரு அடி முன்னால் வந்தார்.

"போன வாய்தாவுல என் கேள்விக்குப் பதில் சொல்லாம நீங்க எறங்கி ஓடினீங்க. உண்மையா இல்லையா?"

"உண்மைங்க."

"பதில் சொன்னா மாட்டிக்குவோம்னு பயந்து ஓடினீங்க."

"இல்லீங்க."

"அப்ப ஏன் ஓடினீங்க? சத்தியம் பண்ணியிருக்கீங்க. கோர்ட்டுக்குச் சொல்லுங்க."

நஃபீசா என்னைத் திரும்பிப் பார்த்தாள், அவளுக்கும் தெரியாதே. உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டால் போதும், கேள்வி அதோடு போய்விடும். சொல்லிவிடுங்கள் மச்சான் என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். மச்சான் அதிகாரியைப் பார்த்தார். பிறகு பெஞ்சில் இருந்த எங்கள் ஊர்க்காரர்களைப் பார்த்தார். அவர்கள் முகத்தில் இருந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்.

"ஒண்ணுக்குப் போயிடுச்சுங்க" என்றார்.

எழுதிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து பார்த்தார்.

"நின்ன எடத்துலயே போயிடுச்சு. எனக்குப் புற்றுநோய் ஆபரேஷன் ஆனதுலேருந்து நிக்கிறதில்லீங்க. வேட்டி நனைஞ்சுபோச்சு. வெளிய எங்க ஊரு ஆளுங்க பதினோரு குடும்பமும் உட்கார்ந்திருந்தாங்க. பார்த்துடுவாங்கன்னு மச்சினன் தோள்ல கெடந்த துண்டைப் புடுங்கிக் கட்டிக்கிட்டுப் போனேன். அது என்ன கரைன்னுகூட நான் பார்க்கலை. எவன்கிட்டயும் நான் வெலைக்குப் போகலீங்க."

அப்புறம் வக்கீல் பக்கம் திரும்பினார். "இப்ப டாக்டரு உள்ள ஷட்டர் வச்சிருக்காரு. நல்லா புடிக்குது. சாயங்காலம் வரைக்கும் கேளுங்க, நிக்கிறேன்."

வக்கீல் கையிலிருந்த காகிதத்தைப் புரட்டினார், இன்னொரு தடவை புரட்டினார், கேட்க ஒன்றும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். அதிகாரி எழுத வேண்டியதை எழுதி, மச்சானைக் கையெழுத்துப் போடச் சொன்னார். "இனிமே இந்தச் சாட்சியத்தை யாரும் அசைக்க முடியாதுண்ணே" என்று நஃபீசா என் காதில் சொன்னாள். அவள் கண்ணும் சரியாக இல்லை.

மச்சான் இறங்கி நடந்தபோது பெஞ்சில் இருந்தவர்கள் ஒவ்வொருத்தராக எழுந்து நின்றார்கள். அவர் யாரையும் பார்க்காமல் நேரே கழிப்பறைக்குப் போனார். நான் வாசலில் நின்றேன். அக்கா வீட்டில் இருந்ததால் அந்த வேலையை நான்தான் செய்ய வேண்டியிருந்தது.

"கையை எடுத்துட்டீங்களா மச்சான்?"

"எடுத்துட்டேன் மாப்ள."

வெளியே வந்தபோது கோவிந்தராசு எதிரில் நின்றான். மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நான் விலகி நின்றேன். அவன் கேட்கவில்லை. கறுப்புக் கைலியின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தான். டீக்கடையில் அத்தனை சத்தம் போட்ட தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது.

"லஸ்கரே, அந்த டாக்டரு... எனக்கும் போன வருஷம் அதே ஆபரேஷன்தான். மதுரையில. வீட்டுல மட்டுந்தான் தெரியும்."

மச்சான் அவன் கைலியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். இவன் பேசிய பேச்சுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பார் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். மச்சான் அவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

"நாளைக்கே கூட்டிட்டுப் போறேன், வா. ஆனா ஒண்ணு கோவிந்தராசு. பக்கத்துல சின்னதா ஒரு பொத்தான் இருக்கும். தொடக்கூடாதும்பாரு. தொடக்கூடாதுன்னா அது நமக்குந்தான்."